அப்பாவின் தபால்தலைப் பெட்டி: விலை கேட்கக் கிளம்பும் முன்

அப்பா காலமாகி, காரியமெல்லாம் முடிந்து, பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்தோம். அதற்குள் இருந்த தபால்தலைகள் ஒரு கணக்குக்கு வந்து சேர ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. அண்ணன் ஏமாந்த 24,500 ரூபாயோடு என் பஸ் செலவு, புத்தகச் செலவு எல்லாம் சேர்த்தால் கையை விட்டுப் போனது நாற்பதாயிரத்துக்குப் பக்கம். அது போக ஆல்பத்திலிருந்தே சில தலைகள் காணாமல் போயின. கிருஷ்ணகிரியில் நிலம் விற்க வேண்டுமென்றால் டீக்கடைக்கு நாலு புரோக்கர் உட்கார்ந்திருப்பார்கள். நகையென்றால் உரசிப் பார்த்துச் சொல்லத் தெருவுக்கு ஒரு கடை. தபால்தலையை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? யூடியூபில் தமிழில் தேடினால் ‘இந்த ஸ்டாம்ப் உங்க வீட்ல இருந்தா நீங்க கோடீஸ்வரர்’ என்று ஒருவர் கத்துவார். அவ்வளவுதான் கிடைத்தது. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

அப்பா வருவாய்த் துறையில் கிளார்க்காக இருந்தவர். தேன்கனிக்கோட்டை, அரூர், பாலக்கோடு என்று மாற்றலாகிப் போன ஊரெல்லாம் அந்தப் பெட்டியும் கூடவே போனது. உள்ளே மூன்று ஆல்பம், ஒரு பிஸ்கட் டின் நிறைய உதிரி ஸ்டாம்ப், தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் வாங்கி அப்படியே வைத்திருந்த புதுத் தலைகள், பழைய பத்திரங்களிலிருந்து கிழித்தெடுத்த ரெவின்யூ ஸ்டாம்ப், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். எல்லாவற்றுக்கும் அடியில் வேட்டித் துணியில் கட்டிய கடிதக் கட்டு ஒன்று. தாத்தாவின் அண்ணன் மலாயாவில் பினாங்குப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் கிராணியாக (எழுத்தராக) இருந்து காவேரிப்பட்டினத்துக்கு எழுதிய கடிதங்கள் அவை. அம்மாவுக்கு இந்தப் பெட்டி மேல் ஆரம்பத்திலிருந்தே பிரியம் கிடையாது. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்ததால், “பழைய பேப்பர்காரருக்குப் போடு, இல்லேன்னா உன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ” என்று என்னிடம் சொல்லிவிட்டார். தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஓசூரில் வேலை பார்க்கிற அண்ணன் வந்து ஆல்பத்தைப் புரட்டினார். பழைய காந்தி படம் போட்ட பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒன்றைப் பார்த்ததும் அவருக்குக் கண் விரிந்தது. “பாப்பா, இது லட்சக்கணக்குல போகும்” என்று அதை மட்டும் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்து ஏதோ ஒரு வாங்குபவர்கள் குழுவில் போட்டார். மறுநாளே ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்து 18 லட்சம் தருவதாகச் சொன்னார். முதலில் ஃபைல் சார்ஜ், பிறகு ஜிஎஸ்டி, அதன் பிறகு பணம் கொண்டுவரும் வண்டிக்கு இன்சூரன்ஸ். ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட ஒரு கடிதம்கூட வந்தது. நாலாவது முறை பணம் கேட்டபோதுதான் அண்ணன் எனக்கே போன் செய்தார். அதற்குள் 24,500 போய்விட்டது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்பதற்குத் தங்கள் பெயரைச் சொல்லி யாராவது கட்டணம் கேட்டால் நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்திருக்கிறது. ஸ்டாம்புக்கும் அதே கும்பல், அதே வசனம்தான். பொருளை வாங்குகிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும், உங்களிடம் கேட்கக்கூடாது. ஒரு ரூபாய் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அடியுங்கள். அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு பத்து நாள் கழித்துத்தான் அடித்தார், அந்தக் கணக்கில் அப்போது ஒன்றும் மிச்சமில்லை.

சரி, நேரில் போய் நல்ல ஆளிடம் காட்டுவோம் என்று பெங்களூர் போனேன். கடையின் பெயர் வேண்டாம். மாடியில் சின்ன அறை, சுவர் முழுக்க நாணயப் பெட்டிகள், மரியாதையாகப் பேசினார். மூன்று ஆல்பத்தையும் சீட்டுக் குலுக்குகிற வேகத்தில் புரட்டினார். “எல்லாம் காமன் மேடம்” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் இரண்டு பக்கத்தில் மட்டும் கை நின்று நகர்ந்ததைக் கவனித்தேன். மொத்தத்துக்கும், பிஸ்கட் டின், கடிதக் கட்டு உட்பட, 18,000 தருகிறேன் என்றார். யோசிக்க வேண்டும் என்றேன். “நிதானமா செக் பண்ணினா இன்னும் கூடச் சொல்ல முடியும், ஆல்பத்தை மட்டும் ஒரு வாரம் வச்சுட்டுப் போங்க” என்று தன் விசிட்டிங் கார்டின் பின்புறம் ‘3 ஆல்பம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து அதே விலைதான் சொன்னார். வேண்டாம் என்று ஆல்பங்களை வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் பிரித்தால் காந்திப் பக்கத்தில் நாலு ஒட்டுத்தாள் (ஸ்டாம்பை ஆல்பத்தில் ஒட்ட வைக்கும் சின்னப் பசைத் தாள்) தடம் மட்டும் இருந்தது. திருவிதாங்கூர்ப் பக்கத்திலும் இரண்டு மூன்று இடம் காலி. போன் செய்தால், “நீங்க கொடுத்தப்பவே அப்படித்தான் இருந்தது மேடம், மூணு ஆல்பம் கொடுத்தீங்க, மூணு ஆல்பம் திருப்பிட்டேன்” என்றார். அண்ணன் எடுத்த படத்தை அனுப்பினேன். அந்தப் படத்தில் ஸ்டாம்ப் மட்டும்தான் இருந்தது, ஆல்பத்தின் தாளோ அப்பா கையெழுத்தோ இல்லை. இது எந்த ஸ்டாம்பாகவும் இருக்கலாம் என்றார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. போலீசுக்குப் போகலாமா என்று வக்கீல் ஒருவரைக் கேட்டேன். என்ன கொடுத்தீர்கள் என்பதற்குப் பட்டியல் இருக்கிறதா என்றுதான் அவரும் கேட்டார்.

அன்று ராத்திரி எனக்கு வந்த ஆத்திரம் அந்த ஆள் மேல் கொஞ்சம்தான். அப்பா மேல்தான் அதிகம். ஐம்பது வருடம் சேர்த்த மனுஷன் ஒரு நோட்டில் நாலு வரி எழுதி வைத்திருக்கக்கூடாதா? இது இன்ன விலை, இன்னாரிடம் கேள் என்று ஒரு சீட்டு? அம்மாவிடம் சொன்னால், “நான் அப்பவே பேப்பர்காரனுக்குப் போடச் சொன்னேன்” என்பார். அதனால் சொல்லவில்லை.

எனவே யாரிடம் காட்டுவதாக இருந்தாலும் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாக, தாளின் நாலு ஓரமும் தெரிகிற மாதிரி, படம் எடுங்கள். நல்லதாகத் தோன்றுகிற ஸ்டாம்பைத் தனியாக ஸ்கேல் பக்கத்தில் வைத்து முன்னும் பின்னும் எடுங்கள். பக்கத்துக்கு எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். காட்டும்போது பக்கத்திலேயே உட்காருங்கள். விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றால் பக்கவாரியான எண்ணிக்கையில் அவர் கையெழுத்து இருக்கட்டும். நேர்மையான ஆள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவே ஒரு தகவல்.

சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தில் இருக்கும் ஃபிலாட்டலி (தபால்தலை சேகரிப்பு) பிரிவுக்குப் போய்க் கேட்டேன். தபால் துறை பழைய தலைகளை வாங்குவதும் கிடையாது, மதிப்புப் போட்டுத் தருவதும் கிடையாது என்று அங்கே தெளிவாகச் சொன்னார்கள். புதிதாக வரும் தலைகளைச் சேகரிப்பவர்களுக்கு விற்பதுதான் அவர்கள் வேலை. ஆனால் அங்கே ஸ்டாம்ப் வாங்க வந்து நின்றவர்களிடம் பேச்சுக் கொடுத்ததில்தான் வழி பிறந்தது. சேகரிப்பவர்களுக்கென்று சங்கங்கள் இருக்கின்றன, தென்னிந்திய தபால்தலை சேகரிப்பாளர் சங்கம் சென்னையில் 1956 முதல் நடக்கிறது என்றெல்லாம் அன்றுதான் தெரிந்தது. அவர்களில் ஒருவர் மூலம் சேலத்தில் இருக்கும் ஒரு பெரியவரின் அறிமுகம் கிடைத்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாங்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார். என் பெட்டிக்கு அப்படிப்பட்ட ஆள்தான் முதலில் தேவைப்பட்டார். விலை சொல்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருந்தால் அந்த விலை யார் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தொப்பூர் கணவாய் தாண்டிப் போய் அவர் வீட்டில் பெட்டியைத் திறந்ததும் அவர் முதலில் கேட்டது, “எதையாவது தண்ணியில போட்டீங்களாம்மா?” என்றுதான். இல்லை என்றதும் முகம் தெளிந்தது. கவரிலிருந்து ஸ்டாம்பைப் பிரிக்காதீர்கள், ஊறப்போடாதீர்கள், ஆல்பத்திலிருந்து உரிக்காதீர்கள், கறையைத் துடைக்காதீர்கள், அப்பா அடுக்கிய வரிசையைக் கலைக்காதீர்கள் என்றார். சில பழைய மைகள் தண்ணீர் பட்டால் கரைந்து ஓடிவிடுமாம். கையால் தொடாமல் ஸ்டாம்புக்கென்று விற்கும் நுனி தட்டையான இடுக்கியால் எடுக்கச் சொன்னார். புருவம் திருத்துகிற இடுக்கி தாளைக் கிழித்துவிடும். பிறகு ஒரு நீள நோட்டை என்னிடம் கொடுத்து, “விலையை மறந்துடுங்க. என்ன இருக்குன்னு எழுதுங்க” என்றார். ஞாயிற்றுக்கிழமைகள் பல அந்த நோட்டோடு போயின.

நாடு பிரிப்பதிலேயே முதல் தடுமாற்றம். மாக்யார் போஸ்டா என்றால் ஹங்கேரி, ஹெல்வெட்டியா என்றால் சுவிட்சர்லாந்து, சுவோமி என்றால் பின்லாந்து, ஸ்வேரியே என்றால் ஸ்வீடன், சிசிசிபி மாதிரித் தெரிகிற எழுத்து சோவியத் ஒன்றியம். நாட்டின் பெயரே இல்லாமல் ராஜாவோ ராணியோ தலை மட்டும் இருந்தால் பிரிட்டன். உலகத்தில் முதலில் ஸ்டாம்ப் போட்டவர்கள் என்பதால் அவர்கள் பெயர் போடுவதில்லை. அஜ்மான், ஷார்ஜா, உம் அல் குவைன், ஃபுஜைரா என்று பளபளப்பாக, பெரிது பெரிதாக, பறவை, ராக்கெட், ஓவியம் எல்லாம் போட்டு ஒரு ஆல்பமே நிறைந்திருந்தது. சின்ன வயதில் நானும் அண்ணனும் அதைத்தான் விரும்பிப் பார்ப்போம். அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் சேகரிப்பவர்களுக்கு விற்பதற்கென்றே அச்சடித்தவை அவை. அந்தப் பாலைவன நாடுகளில் அவ்வளவு கடிதம் யார் எழுதினார்கள்? கிழக்கு ஐரோப்பியத் தலைகளிலும் பாதி இதே கதைதான். முத்திரை ஒரு மூலையில் அளவெடுத்த மாதிரி சுத்தமாக விழுந்திருக்கும், திருப்பினால் பின்பக்கம் பசை அப்படியே இருக்கும். தபாலில் போகாமலே முத்திரை குத்தியது என்று அதற்கு அர்த்தம். அழகுக்குக் காசு இல்லை என்று தெரிந்த இடம் அது. கொத்தாக, கிலோக் கணக்கில் போகிற சரக்கு.

பழசு என்றால் விலை என்பதும் அப்படித்தான் உடைந்தது. விக்டோரியா ராணி தலை போட்ட அரை அணா நீலத் தலைகள் ஒரு பக்கம் முழுக்க இருந்தன. 150 வருடப் பழசு என்று அண்ணன் துள்ளினார். நாடு முழுக்கப் போன அத்தனை கடிதத்திலும் ஒட்டியவை அவை, இன்றைக்கும் சில பத்து ரூபாய்க்கு ஒன்று கிடைக்கும். இந்தியா முழுமைக்கும் என்று முதலில் வந்த 1854 வரிசை வேறு சங்கதி. அதற்குப் பல் போன்ற துளை விளிம்பு கிடையாது, கத்தரியால் வெட்டி எடுத்தவை, நாலு பக்கமும் வெள்ளை ஓரம் மிஞ்சியிருந்தால்தான் மரியாதை. அப்பாவிடம் இருந்த ஒன்றில் ராணியின் தலையிலேயே கத்தரி ஏறியிருந்தது.

பார்வைக்கு ஒன்று போலிருந்து வேறாக இருப்பவைதான் பெரிய தலைவலி. 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தபோது இந்திய வரைபடம் போட்ட சின்னத் தலைகள் வந்தன. அதே வரைபடம், அதே நிறம், ஆனால் தாளுக்குள் இருக்கும் வாட்டர்மார்க் முதலில் நட்சத்திரம், 1958 முதல் அசோகத் தூண் சிங்கம். கேட்லாகில், அதாவது தலைகளை எண் போட்டு விலையோடு பட்டியலிடும் புத்தகத்தில், அவை இரண்டும் தனித்தனி எண். கறுப்புத் தட்டில் ஸ்டாம்பைக் கவிழ்த்துப் போட்டுச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தாலே பாதிக்கு மேல் தெரிந்துவிடுகிறது. தெரியாததற்கு லைட்டரில் ஊற்றும் திரவம் ஒரு சொட்டு. சில அச்சு வகைகளில் அது மையைக் கரைக்கும், அடுப்புப் பக்கம் வைத்தால் தீயும் பிடிக்கும், அதனால் பெரியவர் என்னைச் செய்ய விடாமல் அவரே செய்தார். விளிம்புத் துளைகளையும் அளக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டருக்குள் எத்தனை துளை என்பதுதான் கணக்கு, அதற்கென்று கோடு போட்ட அட்டை விற்கிறது. ஒரு பத்து மடங்கு லென்ஸ், இந்த அட்டை, இடுக்கி மூன்றும் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

அடுத்தது நிலைமை. இதில்தான் அப்பா சேர்த்தவற்றின் மதிப்பு மளமளவென்று சரிந்தது. பல் ஒன்று உடைந்திருந்தால், மூலை மடிந்திருந்தால், பின்பக்கம் மெலிந்திருந்தால் விலை பாதிக்கும் கீழே. பயன்படுத்தாத தலைக்குப் பசையும் சேர்த்துத்தான் விலை. சுதந்திரத்துக்குப் பிந்தைய இந்தியத் தலைகளை வாங்குகிறவர்கள் ஒட்டுத்தாள் தடமே இல்லாததைத்தான் கேட்கிறார்கள். அப்பாவோ ஆரம்பத்தில் ஒட்டுத்தாளும், அது தீர்ந்த பிறகு வீட்டுக் கோந்தும் போட்டு ஒட்டியிருந்தார். 1949இல் வந்த சிற்பங்கள், கோயில்கள், கோட்டைகள் வரிசையில் உயர்ந்த மதிப்புத் தலைகள் சிலவற்றுக்குப் பின்னால் அந்தக் கோந்து காய்ந்து மஞ்சளாக இருந்தது. பெரியவர் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, நோட்டில் ‘பசை கெட்டது’ என்று மட்டும் எழுதச் சொன்னார். நம் பக்கத்துக் காற்றில் கடலோர ஊர்களைப்போல ஈரம் கிடையாது, அதனால் பழுப்புப் புள்ளி விழுந்தது குறைவு என்று ஆறுதலாக ஒன்று சொன்னார்.

காணாமல் போன காந்தி வரிசையைப் பற்றியும் கேட்டேன். 1948 ஆகஸ்ட் 15 அன்று வந்தவை, ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய் என நாலு தலை, சுவிட்சர்லாந்தில் அச்சானவை. சின்ன மூன்றும் அவ்வளவு அரிது கிடையாது. பத்து ரூபாய்தான் எல்லோரும் தேடுவது, அதனாலேயே போலியும் அதில்தான் குவிந்து கிடக்கிறது. அசல் ஃபோட்டோகிராவூர் என்கிற குழி அச்சு வகை. லென்ஸில் புள்ளிகளின் அமைப்பையும் விளிம்புத் துளை அளவையும் தாளையும் சேர்த்துப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. யூடியூபில் கோடி கோடி என்று கத்துவதற்கு மூலம் வேறு. அரசு உபயோகத்துக்காக ‘சர்வீஸ்’ என்று மேலே அச்சிட்ட பத்து ரூபாய்த் தலைகள் நூறே நூறுதான் உண்டாக்கப்பட்டன. அதில் நாலு சேர்ந்த ஒரு துண்டு 2017இல் 5 லட்சம் பவுண்டுக்குப் போனது. அந்தச் செய்தியைக் காட்டித்தான் சாதாரணக் காந்தித் தலைக்கும் ஆசை மூட்டுகிறார்கள். அண்ணன் எடுத்த படத்தைப் பெரியவர் வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்தார். “போட்டோவை வச்சுச் சொன்னா அது ஜோசியம்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பா எங்கிருந்து வாங்கினார் என்று கேட்டார். தெரியாது. அது போலியாகவே இருந்திருந்தால் பெங்களூர்க்காரருக்கு நல்லது நடந்தது என்று ஒரு கெட்ட சந்தோஷம் எனக்கு அவ்வப்போது வரும்.

கடிதக் கட்டை நான் பெட்டியின் அடியிலேயே விட்டிருந்தேன், அது ஸ்டாம்ப் கணக்கில் வராது என்று நினைத்து. பெரியவர் அதைப் பிரித்த பிறகு ஆல்பங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த அன்றைய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) தலைகள் ஒட்டிய கவர்கள், அதில் பினாங்கு முத்திரை, பின்பக்கம் காவேரிப்பட்டினத்தில் வந்து சேர்ந்த தேதி முத்திரை. இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம் என்கிறோம், அது 2004இல் பிரிந்தது. அதற்கு முன் தருமபுரி மாவட்டம், அது 1965இல்தான் உண்டானது. இந்தக் கவர்களில் எல்லாம் சேலம் ஜில்லா. 1940, 41 வருடத்துக் கவர்களில் ஓரத்தைப் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டிய தணிக்கைச் சீட்டும், தணிக்கை முத்திரையும் இருந்தன. 1941 கடைசியோடு கடிதம் நின்றுவிடுகிறது. ஜப்பான்காரன் மலாயாவுக்குள் இறங்கிவிட்டான். அடுத்த கடிதம் 1946. அதில் பழைய ராஜா தலையின் மேல் ‘பிஎம்ஏ மலாயா’ என்று அச்சிட்டிருந்தது, பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம். அந்த ஸ்டாம்பைத் தனியாகப் பிரித்தால் ஒரு டீக் காசுகூடத் தேறாது. கவரோடு, முத்திரையோடு, உள்ளே கடிதத்தோடு இருக்கும்போது அதைத் தேடி வாங்க ஆள் இருக்கிறார்கள். நாலு வருடம் உயிரோடு இருக்கிறேன் என்றுகூட எழுத முடியவில்லை, அம்மா இருக்கிறாளா என்று அதில் கேட்டிருந்தார். அவர் அம்மா 1943லேயே போய்விட்டது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

கட்டில் சில கவர்களில் மூலை வெட்டப்பட்டிருந்தது. அப்பா பையனாக இருந்தபோது கத்தரியால் வெட்டி எடுத்து பிஸ்கட் டின்னில் போட்டிருக்கிறார். வெட்டுப்பட்ட கவர் ஒன்றும் பெறாது. உங்கள் வீட்டில் பழைய கவர், போஸ்ட்கார்டு, இன்லேண்ட் இருந்தால் ஸ்டாம்புக்காகக் கத்தரி வைக்காதீர்கள் என்று இதைவிட உரக்கச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. முத்திரை படிக்கத் தெரிகிறதா, எந்த ஊர், எந்தத் தேதி என்பதை எழுதி வையுங்கள். சின்ன ஊர்த் தபால் ஆபீஸ் முத்திரைகளுக்கென்றே சேகரிப்பவர்கள் உண்டு. கடிதத்தை விற்பதற்கு முன் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள், குடும்ப வழக்கு, சொத்துத் தகராறு ஏதாவது உள்ளே இருந்தால் அதைத் தனியே எடுத்துவிடுங்கள். எங்கள் கட்டில் கிணற்றுப் பங்கு பற்றி இரண்டு கடிதம் இருந்தன, அவற்றை நான் விற்கவில்லை.

பிஸ்கட் டின்னில் ஜப்பானிய எழுத்து மேலச்சு போட்ட மலாயாத் தலைகளும் சில கிடந்தன. அவை உண்மையென்றால் நல்ல விலை. ஆனால் மேலச்சு மட்டும் போலியாகக் குத்துவது சுலபம். லண்டன் ராயல் ஃபிலாட்டலிக் சொசைட்டி போன்ற இடங்களுக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கலாம், அதற்குக் கட்டணம் உண்டு. எங்களிடம் இருந்தவற்றுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்று பெரியவர் கணக்குப் போட்டுக் காட்டியதால் ‘சோதிக்காதது’ என்று எழுதியே விற்றோம்.

நோட்டு முடிந்ததும் அண்ணன் அதை எக்ஸெல்லில் ஏற்றி, ஸ்டான்லி கிப்பன்ஸ் என்ற லண்டன் ஸ்டாம்ப் கம்பெனியின் கேட்லாக் விலையைப் பெருக்கிக் கூட்டி 5 லட்சத்து 60 ஆயிரம் என்றார். கேட்லாக் விலை என்பது அந்தக் கம்பெனி நல்ல நிலையில் உள்ள ஒரு தலையைத் தன் கடையில் விற்கிற விலை. அதில் ஆகக் குறைந்ததாகப் போட்டிருக்கும் சில்லறை விலை அந்த ஸ்டாம்பை எடுத்துக் கவரில் போட்டுக் கொடுக்கிற கூலிக்குத்தான். நாம் விற்கும்போது நல்ல தலைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தால் பெரிது, சாதாரணத் தலைக்குப் பத்தில் ஒரு பங்குகூட வராது. இணையத்தில் பார்ப்பதானால் கேட்கிற விலையைப் பார்க்காமல் ஏலத்தில் முடிந்த விலையைப் பாருங்கள். அறுபதுகளிலிருந்து எண்பதுகள் வரை கவுண்ட்டரில் வாங்கிய புதுத் தலைகளுக்கு நாங்கள் நிறைய எதிர்பார்த்தோம். லட்சக்கணக்கில் அச்சானவை, எல்லோர் வீட்டிலும் இருக்கின்றன. முக மதிப்பு 1,100 ரூபாய் வந்த கட்டு 800க்குப் போனது. திருவள்ளுவர், பாரதி படம் போட்டு 1960இல் வந்த 15 நயா பைசாத் தலைகள், நம் தொரப்பள்ளி ராஜாஜி தலை எல்லாம் அதற்குள் இருந்தன. ஒவ்வொன்றில் ஒன்றை மட்டும் எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.

விற்பதற்கு முன் அம்மா, அண்ணன், நான் மூவரும் உட்கார்ந்து எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது, வரும் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். 18 லட்சம் கனவு கண்ட வீட்டில் இது அவசியம். பிறகு பட்டியலையும் படங்களையும் மூன்று இடங்களுக்கு அனுப்பினோம். பட்டியல் கையில் இருந்தபோது பேச்சே மாறிவிட்டது. யாரும் ‘எல்லாம் காமன்’ என்று சொல்லவில்லை, எந்த எண்ணுக்கு எவ்வளவு என்றுதான் பேசினார்கள். கவர்களையும் நல்ல இந்தியத் தலைகளையும் ஏலத்துக்குக் கொடுத்தோம், வெளிநாட்டுத் தலைகள் மொத்தமாக ஒரு டீலருக்கு. ஏலம் விடுபவர்கள் 15 சதவீதம் எடுத்தார்கள், பணம் வர எட்டு மாதம் ஆனது. இதைக் கேட்டு வாங்கி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: கமிஷன் எவ்வளவு, போகாத பொருளைத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, காப்பீடு உண்டா, பணம் எத்தனை நாளில். எல்லாம் போக வந்தது 83,000. அதில் 52,000 அந்த வேட்டித் துணிக் கட்டிலிருந்து.

ரெவின்யூ ஸ்டாம்ப்களும் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்களும் இன்னும் விற்கவில்லை. அதற்குத் தனி ஆட்கள் இருக்கிறார்கள், பெரியவருக்கு அது பழக்கமில்லை என்று கையை விரித்துவிட்டார். மிச்சத்தைப் பிளாஸ்டிக் வாடை அடிக்காத ஸ்டாக் புக்கில் (ஒட்டாமல் தலைகளைச் செருகி வைக்கும் ஆல்பம்) போட்டு, பரணில் ஏற்றாமல் அலமாரி நடுத்தட்டில் நிறுத்தி வைத்திருக்கிறேன், படுக்கப் போட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பசை தடவிய போட்டோ ஆல்பம், ரப்பர் பேண்ட், செல்லோ டேப் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. பட்டியலின் ஒரு நகல் அண்ணனிடம், ஒன்று அலமாரியில். அதன் முதல் பக்கத்தில் எது யாரிடம் வாங்கியது என்று எனக்குத் தெரிந்தவரை எழுதி, சேலத்துப் பெரியவரின் எண்ணையும் போட்டிருக்கிறேன். அம்மா இப்போது அக்கம்பக்கத்தில் “எங்க வீட்ல ஸ்டாம்பு வித்தே எண்பதாயிரம் வந்துச்சு” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். போன நாற்பதாயிரம் அவர் கணக்கில் வராது.